கோடு போடத் தெரிந்த பிளாஸ்டிக்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நான் ஆற்றிய உரை. மலருக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். ஆங்காங்கே பேச்சு வாடை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "பழைய கதை பேசறதுக்கு நிறையப் பேர் இருக்காங்க. நீங்க உங்க தொழில் சம்பந்தமா பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். தலைப்பு என்ன போடட்டும் என்று கேட்டார். "மின்கடத்தும் பாலிமர்களில் மின்சுற்று வடிவம் அமைத்தல்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். முன்னாடி என்று முடிவாகியிருக்கிறது. பசியோடு இருக்கிறவர்களிடம் சுற்றி வளைக்கக் கூடாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1989ல் நான் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி மூன்று வருடம் நடந்த கால்கள், அடுத்த இரண்டு வருடம் இதே ரயில் பாதையில் இன்னொரு ஊரில் இறங்கின. அங்கே ஒரு சிறிய பி.சி.பி. பட்டறை. ரேடியோவுக்கும் ஸ்டெபிலைசருக்கும் போர்டு போட்டுக் கொடுப்பார்கள். வேலை என்னவென்றால், செம்புத் தகடு ஒட்டிய பழுப்பு நிற அட்டையின் மேல் ஸ்க்ரீன் வைத்து மையால் கோடுகளை அச்சடிப்போம். பிறகு ஃபெரிக் குளோரைடு தொட்டியில் முக்குவோம். மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்துபோகும், மை இருந்த இடத்தில் கோடு நிற்கும். மையைத் துடைத்தால் மின்சுற்று ரெடி.

அந்தப் போர்டில் எவ்வளவு செம்பு கோடாக நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் போட்ட போர்டுகளில் பாதிக்கும் குறைவு. மீதியைக் காசு கொடுத்து வாங்கி, ஒட்டி, பிறகு காசு கொடுத்துக் கரைத்தோம். கரைந்த பச்சைத் தண்ணீர் என்ன ஆகும்? பட்டறைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். வேதியியல் படித்தவன் நான், என் கையாலேயே ஊற்றினேன். மழைக் காலத்தில் அந்தப் பள்ளம் நிரம்பி எங்கே போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சென்னையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஆற்றுக்குப் பெயர் கொடுத்த கூவம் கிராமம் இதே கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. அங்கே அது ஏரித் தண்ணீர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோடு போடுவது என்றாலே முழுப் பரப்பையும் பூசிவிட்டு, வேண்டாததை அரித்து எடுப்பது என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. பட்டறையில் கற்ற அந்தப் பாடத்தை ஆராய்ச்சிக்கூடத்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அதற்கு நான் கொடுத்த விலை ஐந்து வருடம்.

எம்.எஸ்ஸி. முடித்து 1994ல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பொருள் பாலிஅனிலின். இங்கே தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்று எட்டாம் வகுப்பில் படித்தோம், ஒயருக்கு மேலே உறை போடுவதே அதனால்தான். 1977ல் ஜப்பானின் ஷிரகாவா, அமெரிக்காவிலிருந்த மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமர் படலத்தை அயோடின் ஆவியில் காட்டினார்கள். மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு கூடியது. 2000ல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் கூடுகிறது? காலை எட்டு மணி அரக்கோணம் லோக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். அடைத்து நிற்கிற பெட்டியில் யாராலும் ஒரு அடி நகர முடியாது. ஒரு ஆள் இறங்கினால் போதும். அந்த இடத்துக்குப் பக்கத்து ஆள் நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர்வார், அந்தக் காலி இடம் பெட்டி முழுக்க ஊர்ந்து போகும். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வரும் பாலிமர் சங்கிலியில் அயோடின் செய்வது அதுதான், சில எலக்ட்ரான்களை இறக்கிவிடுகிறது. பாலிஅனிலின் இன்னும் விசித்திரம். அதில் யாரையும் இறக்கிவிடக்கூட வேண்டாம். அமிலத்தைச் சேர்த்தாலே கடத்தும். அமிலத்தோடு இருக்கும்போது பச்சை நிறம், மின்சாரம் ஓடும். அம்மோனியாவில் முக்கினால் நீலமாகும், ஓடாது. மறுபடி அமிலத்தில் போட்டால் மறுபடி பச்சை. வேதியியல் லேபில் லிட்மஸ் தாளைப் பார்த்த எவரும் இதைப் பார்த்து வாய் பிளக்காமல் இருக்க முடியாது. நான் முதன்முதலில் பார்த்த அன்று அன்றைய வேலையை விட்டுவிட்டு மாலை வரை பச்சை, நீலம், பச்சை என்று விளையாடிக்கொண்டிருந்தேன்.

இதற்காக அமெரிக்காதான் போக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் 1990களின் தொடக்கத்திலேயே பாலிஅனிலினைத் துணி, கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருள்களின் மேல் படரவிட்டார்கள். மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்க அது உதவுமா என்று சோதித்து உலக இதழ்களில் எழுதினார்கள். செட்டிநாட்டு வெயிலில் நடந்த வேலை அது. என் தலைமுறை ஆராய்ச்சி மாணவர்கள் அந்தக் கட்டுரைகளின் ஜெராக்ஸைத்தான் தலையணைக்கடியில் வைத்திருந்தோம்.

சரி, கடத்துகிற பிளாஸ்டிக் கிடைத்துவிட்டது. அதை அப்படியே ஒரு தகடு முழுக்கப் பூசினால் என்ன ஆகும்? எல்லாமே எல்லாவற்றோடும் ஷார்ட் ஆகும். இங்கே ஓடு, இங்கே ஓடாதே என்று பிரித்துச் சொன்னால்தான் அது மின்சுற்று. கோடும் இடைவெளியும் சேர்ந்துதான் சர்க்யூட். அந்த இடைவெளியை மயிரிழையை விடச் சிறியதாக எப்படிப் போடுவது என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு.

சிலிக்கான் சில்லு செய்கிறவர்களிடம் இதற்கு நல்ல வழி இருந்தது. ஒளி பட்டால் மாறுகிற ஃபோட்டோரெசிஸ்ட் என்ற பிசினைப் பூசு. மேலே மாஸ்க் வைத்து புற ஊதா ஒளி காட்டு. டெவலப்பரில் கழுவு. ஒளி பட்ட இடம் திறந்துகொள்ளும், அதன் வழியே கீழே இருப்பதை அரித்து எடு. என் பட்டறை வேலைக்கு இது பெரியண்ணன். எனக்குக் குஷி. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று வழிகாட்டியிடம் சொன்னேன்.

டெவலப்பர் என்பது காரக் கரைசல். பாலிஅனிலினுக்கு அமிலம்தான் உயிர் என்று இப்போதுதான் சொன்னேன். என்ன நடந்திருக்கும் என்று முன் வரிசையில் இருக்கும் தங்கச்சி சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. டெவலப்பரில் இறக்கிய பத்தாவது விநாடி பச்சைப் படலம் நீலமாகிவிட்டது. செத்துப் போச்சு. அமிலத்தில் போட்டு உயிர் கொடுத்தேன். பச்சை வந்தது, ஆனால் காரம் பிசினுக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்து படலத்தை ஊத வைத்திருந்தது. கோட்டின் ஓரம் தோசையின் முறுகல் மாதிரி எழும்பி நின்றது. நீர்த்த டெவலப்பர் போட்டேன். குளிர்ந்த டெவலப்பர் போட்டேன். வேறு அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தேன். கற்பூரத்திலிருந்து வரும் கேம்ஃபர் சல்ஃபானிக் அமிலத்தோடு பாலிஅனிலினை மெட்டா கிரெசாலில் கரைக்கலாம் என்று 1992ல் ஹீகர் குழுவினர் காட்டியிருந்தார்கள், அதையும் செய்தேன். படலம் நன்றாக வந்தது. டெவலப்பர் அதையும் விடவில்லை. இப்படி நான்கு வருடம் ஓடியது. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தோல்வியின் கீழும் "நீலமாகிவிட்டது, எறியப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

1998 கடைசியில் நூலகத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது. ஹாலந்தில் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் டி லீவ் என்பவரும் கூட்டாளிகளும் எழுதியது. முழுக்க முழுக்கப் பாலிமராலேயே ஆன ஒருங்கிணைந்த சுற்று. மின்முனை, குறைகடத்தி, காப்பு எல்லாமே பிளாஸ்டிக். வளையக்கூடிய தாள் மேல் 326 டிரான்சிஸ்டர்கள், மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்க்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட இணைப்புகள், 15 பிட் குறியீட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சர்க்யூட். மடக்கினாலும் வேலை செய்தது. கோடு போட்டது எப்படி? பாலிஅனிலினோடு ஒளி பட்டால் வினை புரியும் ஒரு பொருளைக் கலந்து பூசினார்கள். மாஸ்க் வழியே புற ஊதா ஒளி காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் பாலிஅனிலின் கடத்தும் தன்மையைக் கோடிக்கணக்கான மடங்கு இழந்தது. படாத இடம் அப்படியே கடத்தியது. அவ்வளவுதான். எதையும் அரித்து எடுக்கவில்லை, எதையும் கழுவவில்லை. படலம் முழுசாக, தட்டையாக அப்படியே இருக்கிறது. சில இடம் உயிரோடு, சில இடம் உயிரில்லாமல். அதற்கு மேல் அடுத்த அடுக்கைப் பூசுவதும் சுலபம், மேடு பள்ளம் இல்லையே.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் நோட்டில் "நீலமாகிவிட்டது, எறியப்பட்டது" என்று எழுதிய ஒவ்வொரு தகடும் என் கண்முன் வந்தது. பிசின் இருந்த இடம் பச்சை, திறந்த இடம் நீலம். பச்சை கடத்தும், நீலம் கடத்தாது. கோடு அங்கேயே இருந்தது! நான் எந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டினேனோ, அதுவே எனக்குத் தேவையான சர்க்யூட்டாக இருந்திருக்கிறது. அரித்து எடுத்தால்தான் கோடு என்று நினைத்த பட்டறைப் புத்தி, கையில் இருந்ததைக் குப்பையில் போட வைத்தது. அன்று சாயங்காலமே ஒரு நீலப் பச்சைத் தகடு செய்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பச்சையில் முள் அசைந்தது, நீலத்தில் அசையவில்லை.

இதோடு கதை சுபம் என்று முடித்தால் பொய் சொன்னவனாவேன். என் தகடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நான் பயன்படுத்திய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, ஈரக் காற்றில் பச்சையிலிருந்து நீலத்துக்கு மெல்ல ஊர்ந்தது. எல்லை கலங்கியது. பிலிப்ஸ்காரர்களின் முறையில் ஒளி பாலிமரின் வேதியியலையே மாற்றுகிறது, அதனால் அது நிலைக்கும். யோசனை ஒன்றாக இருந்தாலும் வேதியியல் வேறு. ஆய்வேட்டில் இதையும் ஒரு அத்தியாயமாக எழுதினேன். பட்டம் கொடுத்தார்கள்.

நோபல் பரிசு வந்த 2000ஆம் ஆண்டு பத்திரிகைகளில் ஒரே கொண்டாட்டம். சிலிக்கான் காலம் முடிந்தது, நாளைக்கு வாழைப்பழத் தோலில்கூட சர்க்யூட் அச்சடிப்பார்கள் என்கிற அளவுக்கு எழுதினார்கள். அதே வருடக் கடைசியில் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸ், ஃபிரெண்ட் குழுவினர் இங்க்ஜெட் பிரிண்டரால் பாலிமர் டிரான்சிஸ்டரை அச்சடித்தார்கள். அதில் ஒரு தந்திரம் உண்டு. மைத்துளி எங்கே விழும் என்று பிரிண்டரால் நுணுக்கமாகச் சொல்ல முடியாது. அதனால் தண்ணீர் ஒட்டாத மெல்லிய கோடு ஒன்றை முதலில் போட்டு வைத்தார்கள். தண்ணீரில் கலந்த பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர் இரண்டு பக்கமும் விழுந்து, அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒதுங்கி நின்றது. இடைவெளி வெறும் ஐந்து மைக்ரான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததைப் பழமொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவர்கள் சர்க்யூட்டாகப் போட்டார்கள்.

ஆனால் சிலிக்கானை இது விரட்டியதா? இல்லை. ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். படலத்தின் மின்தடையைச் 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்று சொல்வார்கள். கோட்டை அதன் அகலத்துக்குச் சமமான சதுரங்களாக வெட்டி எண்ணினால் போதும். நம் பி.சி.பி.யில் இருக்கும் 35 மைக்ரான் செம்புக்கு ஒரு சதுரத்துக்கு அரை மில்லி ஓம். பிலிப்ஸின் பாலிஅனிலினுக்குச் சுமார் ஆயிரம் ஓம். இருபது லட்சம் மடங்கு வித்தியாசம்! இதை வைத்துக்கொண்டு செம்பு ஒயருக்கு மாற்று என்று பேசுவது வீண். டிரான்சிஸ்டரின் முனைக்குப் போதும், கரண்ட் ஓடும் ரோட்டுக்குப் போதாது. நாங்கள் அப்போது மேடைகளில் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. நான் உட்பட. பிளாஸ்டிக் சர்க்யூட்டை நம்பி ஐரோப்பாவில் தொழிற்சாலை கட்டியவர்கள் பலர் பிறகு கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் மின்கடத்தும் பாலிமர் எங்கே போயிற்று? ஒளிந்துகொண்டது. கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்கும் பாலிமர் கெபாசிட்டரில் அது உண்டு. எலக்ட்ரான் கற்றையால் சில்லுக்குக் கோடு போடும்போது, பிசின் மேல் எலக்ட்ரான்கள் தேங்கி, பின்னால் வரும் கற்றையைத் தள்ளிவிடும், கோடு இடம் மாறிப்போகும். ஐ.பி.எம். நிறுவனத்தார் பாலிஅனிலினை மேலே பூசித் தேங்கிய மின்னூட்டத்தை வடித்தார்கள். அதாவது சிலிக்கானுக்குப் போட்டியாக வந்தது சிலிக்கானுக்கே எடுபிடியாகப் போனது! 2015ல் மனித மூளையின் மேற்பரப்பில் ஒட்டி நரம்புத் துடிப்பைப் பதிவு செய்த மெல்லிய தாளில் பெடாட் மின்முனைகள் இருந்தன. அங்கேயும் வடிவம் அமைப்பதுதான் சவால். தண்ணீரில் கரைகிற பொருளைத் தண்ணீர்க் கரைசலால் டெவலப் செய்ய முடியாதே. பாரிலீன் என்ற இன்னொரு பாலிமர் தாளை மேலே போட்டு, அதில் ஜன்னல் திறந்து, பெடாட் பூசி, கடைசியில் அந்தத் தாளை உரித்து எடுத்தார்கள். நம் வீட்டு வாசலில் அச்சுத் தகடு வைத்துக் கோலப்பொடி போட்டு எடுக்கிற மாதிரி.

எனக்கு அது அகப்பட்ட இடம் இவற்றை விடச் சாதாரணம். 2003ல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பி.சி.பி. தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியராகச் சேர்ந்தேன். பட்டறையில் தொடங்கியவன் மறுபடி பட்டறைக்கே வந்து சேர்ந்தேன், கொஞ்சம் பெரிய பட்டறை. இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில் துளை போட்டு, துளையின் உட்சுவரிலும் செம்பு ஏற்ற வேண்டும். மேலும் கீழும் இணைய வேண்டுமல்லவா? சுவர் எபாக்சியும் கண்ணாடி நாரும், கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத இடத்தில் பிளேட்டிங் ஏறாது. அதனால் முதலில் பலேடியம் பூசி, ஃபார்மால்டிஹைடு கலந்த தொட்டியில் போட்டு, மெல்லிய செம்புப் படலம் ஒன்றை வேதியியலாலேயே படிய வைப்பார்கள். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்கக் கண்ணில் நீர் வடியும். அதை மாற்றலாம் என்று ஒரு புதிய முறைக்கு மூன்று தொட்டி வந்தது. முறையின் விளக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

போர்டைச் சூடான பெர்மாங்கனேட்டில் போடுகிறோம். எபாக்சியோடு அது வினை புரிந்து, துளைச் சுவரில் பழுப்பு நிற மாங்கனீசு டையாக்சைடு படிகிறது. செம்பின் மேல் படிவதில்லை. பிறகு அமிலம் கலந்த கரைசலில் போடுகிறோம், அதில் பெடாட்டின் மூலப்பொருள் சின்னச் சின்ன மூலக்கூறாக மிதக்கிறது. மாங்கனீசு டையாக்சைடு தொட்ட இடத்தில் மட்டும் அது ஒன்றோடொன்று கை கோத்து மின்கடத்தும் பாலிமராகிறது. மாங்கனீசு தன் வேலையை முடித்துக் கரைந்து போகிறது. செம்பு இருக்கும் இடத்தில் மாங்கனீசு இல்லை, அதனால் பாலிமரும் இல்லை. செம்போடு செம்பு நேராகச் சேர்கிறது. மாஸ்க் கிடையாது, ஒளி கிடையாது, பிசின் கிடையாது. எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அதுவாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் மேல் நேராகச் செம்பு பிளேட்டிங். கரண்ட் கொஞ்சம் ஓடினால் போதும், மீதியைச் செம்பு பார்த்துக்கொள்ளும். அந்த இருபது லட்சம் மடங்குக் கணக்கு இங்கே தடையே இல்லை!

முதல் வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட். துளைக்குள் செம்பில் ஊசி முனை ஓட்டைகள். மேனேஜர் பழைய தொட்டிக்கே போய்விடலாம் என்றார். பொறுப்பு என் தலையில். நான் பெர்மாங்கனேட்டைத்தான் சந்தேகப்பட்டேன், சூட்டைக் கூட்டினேன், மாற்றினேன். இன்னும் மோசமானது. என்னோடு ஷிப்டில் இருந்த ஒரு பையன், ஐ.டி.ஐ. படித்தவன், துளையைப் பாதியாக வெட்டிக் கீழே விளக்கு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், ஓட்டை சும்மா கண்ட இடத்துல வரல. நூல் இருக்கிற இடத்துல மட்டும் வருது" என்றான். பார்த்தேன். கண்ணாடி நார் வெட்டுப்பட்டு முனை தெரிகிற இடங்களில் மட்டும் வெளிச்சப் புள்ளிகள். பெர்மாங்கனேட் எபாக்சியோடு வினை புரியும், கண்ணாடியோடு புரியாது. கண்ணாடியின் மேலும் படிய வேண்டுமென்றால் முன்னாலேயே கண்டிஷனர் தொட்டியில் ஒரு பொருளை அதன் மேல் ஒட்ட வைக்க வேண்டும். அந்தத் தொட்டியை மூன்று வாரமாக நான் சோதிக்கவே இல்லை. அது முதல் தொட்டி, சாதுவான தொட்டி, கழுவுகிற தொட்டி என்று நினைத்துவிட்டேன். புதிதாகக் கலந்தோம். மறுநாள் வெட்டிய துளையில் வெளிச்சம் தெரியவில்லை. ஃபார்மால்டிஹைடு தொட்டியைக் கழற்றி வெளியே எடுத்த அன்று, அதன் பக்கத்தில் பத்து வருடம் நின்ற ஒரு அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேன்டீனில் அவர் காசில் டீ வாங்கிக் கொடுத்தார்.

கழிவு அங்கேயும் உண்டு. பெர்மாங்கனேட் ஒன்றும் இளநீர் அல்ல, அதைச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும். போர்டின் மேல் பக்கத்துக் கோடுகளுக்கு இன்றைக்கும் செம்பை அரிக்கத்தான் அரிக்கிறோம். 1989ன் பள்ளத்தை நான் மூடிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இதெல்லாம் பெரிய லேப் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2001ல் அதே மெக்டயர்மிட், நோபல் வாங்கிய மறு வருடம், ஹோன்ஹோல்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அலுவலக லேசர் பிரிண்டரில், ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் ஷீட்டில், எங்கே கடத்தக் கூடாதோ அங்கே மட்டும் கறுப்பாக அச்சடிக்கிறார். ஷீட்டை மின்கடத்தும் பாலிமரில் முக்கி எடுக்கிறார். பிறகு டொலுயீனில் போட்டு அல்ட்ராசானிக் குலுக்கலில் டோனரை எடுத்துவிடுகிறார். டோனர் போன இடம் வெற்றிடம், மற்ற இடம் சர்க்யூட். 600 புள்ளிப் பிரிண்டர் என்றால் ஒரு புள்ளி சுமார் 42 மைக்ரான். நுண்மின்னணுவியலுக்கு அது குண்டு, படிப்பதற்குத் தாராளம்.

நம் வேதியியல் லேபில் போன வாரம் இதைச் செய்து பார்த்தோம். பாலிமர் எது தெரியுமா? பாலிபிரோல். பிரோலைப் பாலிமராக்கப் போட்டது ஃபெரிக் குளோரைடு! முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நான் பள்ளத்தில் ஊற்றிய அதே பழுப்புத் தண்ணீர், அங்கே செம்பைத் தின்றது, இங்கே கோடு போடுகிறது. பிரோலையும் டொலுயீனையும் புகைக் கூண்டுக்குள் மட்டும் எடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மீந்ததைத் தொட்டியில் கொட்டாதீர்கள், டப்பாவில் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். டோனரை எடுக்கத் தாமதித்தால் படலம் உரியும். எங்களுக்கு முதல் நாலு ஷீட்டும் உரிந்துதான் போயின. ஐந்தாவதில் பட்டை நின்றது. அகலம் ஐந்து மில்லிமீட்டர், நீளம் ஐம்பது, அதாவது பத்துச் சதுரம். மல்டிமீட்டர் சுமார் பத்தாயிரம் ஓம் காட்டியது. ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் சேர்த்தால் முக்கால் மில்லி ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவாக ஓடும்.

அந்த ஷீட் வெளியே வரவேற்பு மேசையில் இருக்கிறது. விளக்கு மங்கலாகத்தான் எரியும், பந்தல் வெளிச்சத்தில் தெரியாது, கையைக் குவித்துப் பாருங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கறுப்புப் பட்டையில் விரல் வைக்காதீர்கள். உரிந்த நாலு ஷீட்டையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.